சேதிப்பெட்டியில் புனிதவதி

பிப்ரவரி 6, திங்கள்

காலையில் போர்வெல் மோட்டார் மறுபடியும் மக்கர். கெப்பாசிட்டர் மாற்றியதும் ஓடியது. அதற்குள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப நேரமாகிவிட்டது. புனிதவதி குளிக்காமலே வந்தாள்.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. ரேடியேஷனுக்கு அடங்கியிருந்த கட்டி திரும்ப வந்திருக்கிறது. குரல்வளையை முழுதாக எடுத்துவிட வேண்டும். சர்க்கரை இறங்கினால் மாதக் கடைசியில் ஆபரேஷன். அதற்குப் பிறகு கழுத்தில் போடும் துளை வழியாகத்தான் மூச்சு. “பேச்சு?” என்று கேட்டேன். பயிற்சி கொடுத்தால் ஒரு மாதிரி பேச வரலாம், ஆனால் இந்தக் குரல் இருக்காது என்றார்.

புனிதவதி ரிப்போர்ட்டுகளை அடுக்கிப் பையில் வைத்தாள். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகு, கரகரத்த தொண்டையோடு, “மாசக் கடைசி வரைக்கும் இருக்குதுங்களே. அதுக்குள்ள பேசித் தீத்துக்கறேனுங்க” என்றாள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன் போலிருக்கிறது.

பிப்ரவரி 7, செவ்வாய்

சவரம் செய்துகொண்டிருந்தபோது சேதிப்பெட்டி நினைவுக்கு வந்தது. அவளுடைய பழைய குரல் அதற்குள் இருக்கிறது.

இதை ஒழுங்காக எழுதிவைக்கிறேன். இரண்டாயிரமாவது ஆண்டில் நானும் ஜோசப் அருமைராஜும் பீளமேட்டில் ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்துத் தயாரித்த கருவி அது. டைப்ரைட்டர் அளவு. முன்னால் விசைகள், அதற்கு மேல் உள்ளங்கை அகலத்தில் ஒரு திரை. கம்ப்யூட்டர் வாங்க முடியாதவர்களுக்காகச் செய்தோம். டெலிபோன் ஒயரைச் செருகினால் போதும். கீச்சுக்கீச்சென்று கத்திவிட்டு எங்கள் சர்வருக்கு டயல் செய்து இமெயிலைக் கொண்டுவந்து காட்டும். திரை சின்னது என்பதால் தமிழில் பேசவும் செய்யும். “தயவுசெய்து காத்திருங்கள்.” “உங்களுக்குப் புதிய கடிதம் வந்திருக்கிறது.” அந்தக் குரல் புனிதவதியுடையது. அப்போது அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். டிரங்க் கால் போட்ட காலத்திலிருந்தே கோயமுத்தூரில் பாதிப் பேருக்குத் தெரிந்த குரல்.

சில நூறு பெட்டிகள் விற்றன. அதற்குள் தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர் வந்துவிட்டது. பின்னாலேயே செல்போன். மூன்றாம் வருஷம் ஷெட்டைப் பூட்டினோம். மிச்சமிருந்த பெட்டிகளைப் பழைய இரும்புக்காரனிடம் நானே தூக்கிப் போட்டேன். ஒன்றுகூட வைத்துக்கொள்ளவில்லை. கண்ணில் படாமல் இருந்தால் போதும் என்று இருந்தது.

பிப்ரவரி 9, வியாழன்

ஜோசப்புக்குப் போன் செய்தேன். அவன் இப்போது நாசரேத்தில், சொந்த ஊரில் இருக்கிறான்.

“என்னடே தண்டபாணி, அந்தக் கருமத்தை எதுக்குடே இப்பத் தோண்டுதே?” என்றான். காரணத்தைச் சொன்னேன். விசாரித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டான். சாயங்காலம் அவனே கூப்பிட்டு ஒரு முகவரி கொடுத்தான். உடுமலைப்பேட்டையில் தையல்கடை வைத்திருக்கும் மரகதம். கடைசி வரைக்கும் பெட்டியைப் பயன்படுத்தியவர்களில் ஒருவர். “அந்தம்மா தூரப் போட்டிருக்க மாட்டா” என்றான்.

புனிதவதி மத்தியானம் முழுக்கப் போனில்தான் இருந்தாள். எக்ஸ்சேஞ்சில் கூட வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசுகிறாள். ரசத்தில் உப்பு இரண்டு முறை விழுந்துவிட்டது.

பிப்ரவரி 12, ஞாயிறு

உடுமலை போய் வந்தேன். எங்கள் மகள் தாரணி திருப்பூரிலிருந்து வந்திருந்ததால் புனிதவதியை அவளிடம் விட்டுவிட்டுப் போக முடிந்தது. “நானும் வரட்டுங்களா?” என்று புனிதவதி கேட்டாள். வெயில், தூசி, பஸ். வேண்டாம் என்றேன்.

மரகதத்துக்கு எழுபது இருக்கும். இன்னும் மிஷின் மிதிக்கிறார். பெட்டி பிரிட்ஜுக்கு மேல் ஒரு பூத்துணி போர்த்தி உட்கார்ந்திருந்தது. துணியை அவரே தைத்திருக்கிறார், விசைகளுக்கு நேராக மடித்து விடுகிற மாதிரி.

“பையன் மஸ்கட்ல இருந்தப்போ தெனமும் இதுலதான் எழுதுவானுங்க. திடீர்னு ஒரு நாள் எல்லாம் நின்னுபோச்சு. ‘இணைப்பு கிடைக்கவில்லை’ன்னே சொல்லிட்டிருந்துச்சு. அவன்தான் கோவிச்சுக்கிட்டு எழுதறதில்லைன்னு நானும் போன் பண்ணாம இருந்துட்டேன். ரெண்டு பேரும் வீம்புக்கு ஒரு வருசம் பேசலீங்க” என்றார்.

சர்வரை நிறுத்தப்போவதை வாடிக்கையாளர்களுக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்று அப்போது பேசிக்கொண்டோம். ஜோசப் செய்வான் என்று நானும், நான் செய்வேன் என்று ஜோசப்பும் இருந்திருக்கிறோம். அவரிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை. பையன் இப்போது ஊருக்கே வந்துவிட்டானாம், பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறானாம்.

பெட்டியைத் துடைத்து ஒரு பையில் வைத்துக் கொடுத்தார். வாசல் வரைக்கும் வந்தவர், “இதுல பேசுமே ஒரு புள்ள, அது நல்லாருக்குதுங்களா? அது ‘காத்திருங்கள்’னு சொன்னா நானும் ‘சரி சாமி’ம்பேன். வீட்டுல நானொருத்திதானே, பேச வேற யாரு இருந்தா? நான் கேட்டேன்னு சொல்லுங்க” என்றார்.

நல்லாருக்குதுங்க என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 13, திங்கள்

மாடி அறையில் மேசை போட்டாகிவிட்டது. பெட்டியின் மின்சாரப் பகுதியில் கெப்பாசிட்டர்கள் உப்பியிருக்கின்றன. பேட்டரி கசிந்து பச்சை பூத்திருக்கிறது. குரல் இருக்கும் சிப் பார்வைக்கு நன்றாக இருக்கிறது.

தாரணி காபி கொண்டுவந்தாள். “ஏப்பா இவ்வளவு சிரமம்? அம்மா கீழதான இருக்காங்க. போன்லயே ரெக்கார்டு பண்ணிக்கலாமில்ல?”

“இப்ப இருக்கற கரகரப்பையா? அது அவ குரலே இல்ல தாரணி. உங்கம்மா குரல் எப்படி இருக்கும்னு உனக்கு மறந்துபோச்சு” என்றேன்.

தாரணி படிக்கட்டுப் பக்கம் பார்த்தாள். புனிதவதி வடைத் தட்டோடு பாதிப் படியில் நின்றுகொண்டிருந்தாள். தட்டைத் தாரணியிடம் நீட்டிவிட்டு இறங்கிப் போனாள். உளுந்து வடை. நன்றாக இருந்தது.

பிப்ரவரி 15, புதன்

பெட்டிக்கு உயிர் வந்துவிட்டது! சிவப்பு விளக்கு எரிந்தது, திரையில் எழுத்து வந்தது, பிறகு அந்தக் குரல்: “வணக்கம். தயவுசெய்து காத்திருங்கள்.” தண்ணீர் மாதிரி தெளிவு. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

ஆனால் அதற்கு மேல் போகாது. டயல் செய்தால் மறுமுனையில் சர்வர் இல்லை. “இணைப்பு கிடைக்கவில்லை. சற்று நேரம் கழித்து மீண்டும் முயலுங்கள்” என்று நின்றுவிடுகிறது. “புதிய கடிதம் வந்திருக்கிறது” என்ற வாக்கியத்தைப் பேச வைக்க வேண்டுமானால் சர்வர் ஒன்று பதில் சொல்லியாக வேண்டும். அந்த வாக்கியம்தான் எல்லாவற்றிலும் நன்றாக அமைந்தது. இந்த அறையிலேயே மெத்தைகளைச் சுவரில் சாய்த்துவைத்து, ஜன்னலுக்குப் போர்வை போட்டுப் பதிவு செய்தோம். அவள் முதலில் “கடிதம் வந்துருக்குதுங்க” என்றுதான் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்துவிட்டாள். அதை அழித்தேன். ஊர் வாடையே வரக் கூடாது, பொதுவாக இருக்க வேண்டும், பேசுகிற மாதிரி வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன். கடைசியில் சரியாக வந்தது.

சர்வர் மாதிரி பதில் சொல்ல ஒரு ஏற்பாடு நானே செய்துவிடலாம். பழைய மோடம் ஒன்றும், ஒரு சின்ன இன்டர்காம் எக்ஸ்சேஞ்சும் கிடைத்தால் போதும். புரோகிராமை நினைவிலிருந்து எழுத வேண்டும்.

பிப்ரவரி 18, சனி

உக்கடத்தில் பழைய சாமான் கடைகளில் அலைந்தேன். இன்டர்காம் கிடைத்தது. ஒரு லாட்ஜில் இருந்ததாம். மோடம் கிடைக்கவில்லை.

இன்று சிவராத்திரி. பேரூருக்குப் போகலாம் என்று புனிதவதி சொல்லியிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்களோடு போய் வந்துவிட்டாள். கோயிலில் யாரைப் பார்த்தாள், என்ன பேசினாள் என்று சாப்பிடும்போது சொல்லிக்கொண்டிருந்தாள். பாதியில் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. பெட்டி முதலில் அனுப்பும் அடையாள எண்ணுக்கு நாங்கள் ஒரு சரிபார்ப்பு வைத்திருந்தோம். மறப்பதற்குள் குறித்துவைக்க எழுந்து போனேன். திரும்பி வந்தபோது இலையை எடுத்துவிட்டிருந்தாள்.

பிப்ரவரி 22, புதன்

மோடம் வந்தது, ஜோசப் அனுப்பியது. பெட்டியும் மோடமும் ஒன்றையொன்று கூப்பிட்டுக் கத்துகின்றன. புரிந்துகொள்வதில்லை.

புனிதவதியின் சர்க்கரை இறங்கிவிட்டது. செவ்வாய்க்கிழமை ஆபரேஷன்.

பிப்ரவரி 26, ஞாயிறு

நாளைக்கு அட்மிஷன். தாரணி வந்துவிட்டாள். பை தயார்: துண்டு, போர்வை, பிளாஸ்க், பழைய ரிப்போர்ட்டுகள்.

சாயங்காலம் புனிதவதி மாடிக்கு வந்தாள். படியேறியதில் மூச்சு வாங்கியது. ஓரத்தில் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அப்போதுதான் மோடம் முதன்முறையாகப் பெட்டியின் எண்ணைச் சரியாகப் படித்திருந்தது. “பத்து நிமிஷம், இதோ வந்துர்றேன்” என்றேன்.

“இல்லீங்க, நீங்க பாருங்க” என்றாள்.

நான் பார்த்தேன். அவள் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலில் காய்ந்த துணியை மடித்தாள். திரும்பியபோது ஸ்டூலின் மேல் என் சட்டைகள் இருந்தன.

கீழே போனபோது தாரணியோடு படுத்துப் பேசிக்கொண்டிருந்தாள். உள்ளே போகவில்லை. அம்மாவும் பெண்ணும் பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 28, செவ்வாய்

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். ஸ்ட்ரெச்சரைத் தள்ளும்போது அவள் ஏதோ சொன்னாள். லிப்ட் கதவுச் சத்தத்தில் கேட்கவில்லை. “என்ன?” என்றேன். கதவு மூடிவிட்டது.

“வெறும் வயித்துல மாத்திர போடாதீங்கன்னு சொன்னாங்கப்பா” என்றாள் தாரணி.

நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர் சொன்னார்.

மார்ச் 3, வெள்ளி

மூக்கில் குழாய் வழியாகக் கஞ்சி. கழுத்தைப் பார்க்கப் பழகிக்கொண்டேன். தாரணி சின்ன வெள்ளைப் பலகையும் பேனாவும் வாங்கிவந்திருக்கிறாள். புனிதவதி முதலில் எழுதியது: “ஜன்னலத் திறங்க.”

இருமினால் சத்தம் இல்லை, காற்று மட்டும். அழுதாலும் அப்படித்தான்.

மார்ச் 14, செவ்வாய்

வீட்டுக்கு வந்துவிட்டோம். பக்கத்து வீட்டுக்காரர்கள், உறவுக்காரர்கள் என்று ஆட்கள். எல்லோரும் அவளிடம் சத்தமாகப் பேசுகிறார்கள், காது கேட்காதவளிடம் பேசுகிற மாதிரி. பலகையில் எழுதிக் காட்டினாள்: “போனது தொண்டை. காது இருக்குது.”

மார்ச் 19, ஞாயிறு

பெட்டி முழுக்க வேலை செய்கிறது.

இன்று காலை அது டயல் செய்தது, என் மோடம் எடுத்தது, எண்ணைச் சரிபார்த்தது, நான் அனுப்பிய கடிதம் போய்ச் சேர்ந்தது. “உங்களுக்குப் புதிய கடிதம் வந்திருக்கிறது.” மூன்று நான்கு முறை கேட்டேன். பிறகு தூக்கிக்கொண்டு கீழே போய்ப் புனிதவதிக்கு முன்னால் வைத்தேன். தாரணியும் இருந்தாள்.

தாரணிதான் அழுதாள். புனிதவதி தலையைச் சாய்த்துக் கேட்டாள், ஆபரேட்டர் வேலையில் லைனைக் கேட்பது போல. முடிந்ததும் பலகையை எடுத்தாள்.

“நல்லா வேலை செய்யுது. கஷ்டப்பட்டிருக்கீங்க.”

துடைத்துவிட்டு மறுபடி எழுதினாள்.

“இது நீங்க படிக்கச் சொல்லி நான் படிச்சதுங்க. நான் பேசினது இல்ல.”

அப்போதுதான் மரகதம் சொல்லச் சொன்னது நினைவுக்கு வந்தது. அதையாவது சொல்லலாம் என்று சொன்னேன். உடுமலையில் ஒரு அம்மா, தனியாக இருந்தபோது பெட்டியின் குரலுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார், அந்தப் புள்ள நல்லாருக்குதா என்று கேட்டார் என்றேன். புனிதவதியின் முகம் மலர்ந்தது. எந்த ஊர், என்ன வயது என்றெல்லாம் எழுதிக் கேட்டாள். எப்போது கேட்டார் என்று எழுதினாள். போன மாதம், பெட்டி வாங்கப் போனபோது என்றேன்.

பேனாவை மூடினாள். மறுபடி திறந்து எழுதினாள்.

“அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரு போன் போட்டுப் பேசியிருப்பேன்.”

மார்ச் 20, திங்கள்

பெட்டியை மாடியில் வைத்துவிட்டேன். வேலை எதுவும் இல்லை.

தாரணி திருப்பூர் கிளம்பும்போது தன் போனில் ஏதாவது பதிவு செய்துவைத்திருக்கிறாளா என்று கேட்டேன். “அம்மா வேண்டாம்னுட்டாங்கப்பா” என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அன்றைக்குப் படிக்கட்டில் நின்ற புனிதவதியின் காதில் விழுந்த என் பேச்சு தாரணியின் காதிலும்தான் விழுந்தது.

மார்ச் 29, புதன்

கழுத்துத் துளையைச் சுத்தம் செய்ய நான் கற்றுக்கொண்டேன். கைநடுக்கம் இல்லை. சால்டரிங் பிடித்த கை அல்லவா.

பலகையில் எழுதுவதற்கு அவள் சிக்கனம் பிடிக்கிறாள். முன்பெல்லாம் கடைக்குப் போய் வந்தால் வழியில் பார்த்த ஆள், கேட்ட விலை, மழை வருமா வராதா எல்லாம் வரும். இன்று: “தக்காளி, கொத்தமல்லி.”

ஏப்ரல் 19, புதன்

பேச்சுப் பயிற்சி இன்று ஆரம்பம். சொல்லிக்கொடுப்பவர் நஸீமா. வயது குறைவு, பொறுமை அதிகம். வாயில் காற்றைப் பிடித்து உணவுக்குழாயில் அழுத்தி, ஏப்பம் மாதிரி வெளியே விட்டு, அந்தச் சத்தத்தில் வார்த்தை பிடிக்க வேண்டும். கூட உட்காரும் ஆட்களுக்கு ஒரே ஒரு விதி சொன்னார்: “அவங்க சொல்ல வர்றத நீங்க முடிச்சு வைக்கக் கூடாதுங்க சார். எவ்வளவு நேரமானாலும் உக்காந்திருக்கணும்.”

உட்கார்ந்திருந்தேன். காற்று மட்டும் வந்தது.

மே 10, புதன்

“ப”, “த”, “ட” மூன்றும் ஒருவிதமாக வருகின்றன. உதடும் நாக்கும் அழுத்தி மூடித் திறக்கும் எழுத்துகள்தான் சுலபமாம். அந்த எழுத்துகள் சேர்ந்து வருகிற மாதிரி, வீட்டில் அடிக்கடி சொல்லும் வார்த்தை ஏதாவது உண்டா என்று நஸீமா கேட்டார். புனிதவதி யோசித்தாள்.

“சார் பேரு என்னங்க?”

“தண்டபாணி.”

நஸீமா கையைத் தட்டிச் சிரித்தார். “இதவிட நல்ல பேரு கிடைக்கவே கிடைக்காது! த, ட, பா, எல்லாம் இருக்குது. இதையே எடுத்துக்கலாம்மா.”

புனிதவதி பலகையில் எழுதினாள்: “அது முடியாது.”

“முடியும்மா. கொஞ்ச நாள் ஆகும், அவ்வளவுதான்.”

நஸீமாவுக்குப் புரியவில்லை. நான் விளக்கினேன். கல்யாணமான நாளிலிருந்து அவள் என் பெயரைச் சொன்னதில்லை. ஏனுங்க என்பாள், இல்லாவிட்டால் தாரணி அப்பா. ஆஸ்பத்திரியில் வீட்டுக்காரர் பெயர் கேட்டால் எழுதிக் காட்டுவாள், இல்லை, தாரணியைப் பார்ப்பாள். ஊர் முழுக்க எத்தனையோ பேருடைய பெயரைச் சொல்லிச் சொல்லி லைன் கொடுத்தவள். நான் இதைப் பற்றி யோசித்ததே கிடையாது. அப்படித்தானே எல்லா வீட்டிலும் என்று இருந்துவிட்டேன். ஒரு தரம் கூப்பிட்டுப் பார் என்று விளையாட்டுக்குக்கூட நான் கேட்டதில்லை.

“சொல்லு புனிதம், பரவால்ல” என்றேன்.

அவள் நஸீமாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். காது மடல் சிவந்துபோயிற்று. என்னை வெளியே போகச் சொல்லி ஜாடை காட்டினாள். வராந்தாவில் போய் நின்றுகொண்டேன்.

மே 24, புதன்

என் முன்னால் பயிற்சி செய்ய மாட்டேன் என்கிறாள். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்கிறாள். குழாயைத் திறந்துவிட்டுக்கொள்கிறாள். கேட்கக் கூடாது என்று கூடத்துக்கு நகர்ந்துவிடுகிறேன்.

ஜூன் 8, வியாழன்

காலையில் வாசல் பக்கம் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஏதோ சத்தம். இரும்புக் கட்டிலைத் தரையில் இழுத்த மாதிரி. திரும்பவில்லை. மறுபடி கேட்டது. இந்த முறை அது மூன்று துண்டாக உடைந்து வந்தது.

“தண்ட... பா... ணி.”

திரும்பினேன். புனிதவதி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெற்றியெல்லாம் வியர்வை. தெருவில் யாராவது கேட்டிருப்பார்களோ என்று முதலில் வாசல் கேட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கையில் ஊறுகாய் பாட்டில். மூடி இறுகிக்கொண்டுவிட்டது.

வாங்கித் திறந்து கொடுத்தேன். அதற்கு ஏன் இவ்வளவு நேரமாயிற்று என்று தெரியவில்லை. விரல் வழுக்கியது. கண்ணும் சரியாகத் தெரியவில்லை.

அந்தப் பெயர் அவளுடைய பழைய குரலில் எப்படி இருந்திருக்கும் என்று இனி எனக்குத் தெரியப்போவதில்லை. எந்தப் பெட்டியிலும் அது இல்லை. கேட்டிருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டாவது ஒரு நாள் சொல்லியிருப்பாள்.

“இன்னொரு தடவ கூப்பிடு” என்றேன்.

அவள் மூடியைப் போட்டுத் திருகி, பாட்டிலை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, வாயில் காற்றைப் பிடித்தாள். நான் பேப்பரை மடித்துக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.